அல்லாஹ்வின் நேசம் யாருக்கு? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். இத்தனை ஸலவாத் (நபி மீதான வாழ்த்து) ஓதினால், இத்தனை ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுதால் அல்லாஹ்வின் நேசம் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒன்று வருகிறது. "இவர்களை அல்லாஹ் நேசிக்கிறான்" என்று குர்ஆனே சொல்லும் ஆட்கள் யார்?
— வாசகி, நீடூர்

பதில்: வ அலைக்கும் ஸலாம். நன்மை செய்பவர்கள், இறையச்சமுள்ளவர்கள், பொறுமையாளர்கள், தவக்குல் (அல்லாஹ்வையே சார்ந்திருத்தல்) வைப்பவர்கள், நீதியாக நடப்பவர்கள், தௌபா (பாவமன்னிப்புத் தேடல்) செய்து மீள்பவர்கள், தூய்மையைப் பேணுபவர்கள் ஆகியோரை அல்லாஹ் நேசிப்பதாகக் குர்ஆன் கூறுகிறது. அவன் பாதையில் அணிவகுத்து நிற்பவர்களையும் 61ஆம் அத்தியாயம் சேர்த்துச் சொல்கிறது. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்வது எளிது. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் வருகிறது என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

"இறையச்சமுள்ளவர்களை நேசிக்கிறான்" என்ற வாசகம் மூன்று இடங்களில் வருகிறது: 3:76 (3ஆம் அத்தியாயம், 76ஆம் வசனம்), 9:4, 9:7. மூன்றிலும் பேச்சு வாக்கைக் காப்பாற்றுவது பற்றியது. 3:76க்கு முந்தைய வசனம், ஒரு குவியல் பொருளை நம்பி ஒப்படைத்தாலும் அப்படியே திருப்பித் தருபவரையும், ஒரே ஒரு தீனாரைக்கூடத் தலைமேல் நின்று கேட்டால்தான் தருபவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. "நீதியாளர்களை நேசிக்கிறான்" என்பதும் மூன்று இடம். ஒன்று வேறு சமயத்தார் வழக்கில் தீர்ப்பு சொல்லும்போது (5:42), ஒன்று சண்டையிட்ட இரு தரப்பைச் சேர்த்துவைக்கும்போது (49:9), ஒன்று நம்மோடு பகை கொள்ளாத பிற சமயத்தாரிடம் நடந்துகொள்வது பற்றி (60:8). தவக்குல் வைப்பவர்களை நேசிப்பதாகச் சொல்லும் 3:159, அதற்கு முன்பே "அவர்களை மன்னியுங்கள், காரியத்தில் அவர்களோடு ஆலோசனை செய்யுங்கள், முடிவெடுத்த பின் அல்லாஹ்வைச் சாருங்கள்" என்று வரிசை போட்டுத் தருகிறது. ஆலோசனையும் முடிவும் இல்லாத தவக்குலுக்கு அந்த வசனத்தில் இடமில்லை.

ஆக, தேடவேண்டிய இடம் தொழுகைப் பாய் மட்டுமில்லை. கடை கல்லாவும், களத்துமேடும், பாகப் பத்திரமும்கூடத்தான். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வந்தும், ஒருவரைத் திட்டியதற்கும் இன்னொருவர் பொருளைத் தின்றதற்கும் தன் நன்மைகளை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவரைத்தான் நபி (ஸல்) அவர்கள் திவாலானவர் என்றார்கள். 'முஸ்லிம்' என்ற நூலில் உள்ள ஹதீஸ் (நபிமொழி) இது.

உபரி வணக்கங்களுக்கு இடமில்லை என்று இதற்குப் பொருளல்ல. புகாரி என்ற நபிமொழி நூலில் வரும் குத்ஸி ஹதீஸில் (அல்லாஹ் சொன்னதாக நபி அறிவித்ததில்), உபரியான வணக்கங்களால் அடியான் நெருங்கிக்கொண்டே இருக்கிறான், இறுதியில் நான் அவனை நேசிக்கிறேன் என்று அல்லாஹ் சொல்கிறான். ஆனால் அதற்கு முந்தைய வரி, கடமையாக்கியதைவிட எனக்கு விருப்பமான எதைக் கொண்டும் அவன் நெருங்கவில்லை என்பது. இந்த வரிசை தலைகீழாவதுதான் நம்மிடம் அதிகம். உபரியான இரவுத் தொழுகை தஹஜ்ஜுதுக்கு எழுந்துவிட்டு, கடமையான அதிகாலைத் தொழுகை சுபுஹை அசதியில் தூங்கிக் கழிப்பார்கள். வாங்கிய கடன் நிற்கும்போதே மூன்றாவது உம்ராவுக்கு டிக்கெட் போடுவார்கள். அளவைப் பொறுத்தவரை, குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்று புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. நாளுக்கு இரண்டு ரக்அத் லுஹாவை (உபரியான முற்பகல் தொழுகை) வருஷம் முழுக்க விடாமல் தொழுவது, ரமலான் கடைசிப் பத்தில் மட்டும் நூறு ரக்அத் தொழுதுவிட்டு அடுத்த மாதமான ஷவ்வாலில் காணாமல் போவதைவிட மேல்.

கேள்வி: கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். கோபம் வந்தால் பையன்களைக் கண்டபடி பேசிவிடுகிறேன். போன மாதம் மச்சானோடு தகராறில், "அல்லாஹ் மேல ஆணையா இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். மூன்று நோன்பு வைத்தால் போதும் என்கிறார்கள். சரியா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: சரியில்லை, பெரும்பாலும். கடை வைத்திருப்பவருக்கு நேராக நோன்புக்குப் போக வழியில்லை.

5:89 சொல்லும் வரிசை இது: பத்து ஏழைகளுக்கு உணவு, அல்லது அவர்களுக்கு உடை, அல்லது ஓர் அடிமையை விடுவிப்பது. இவற்றில் எதுவும் முடியாதவருக்குத்தான் மூன்று நாள் நோன்பு. வசதி இருந்தும் நோன்பு வைத்தால் பரிகாரம் நிறைவேறாது. ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவு) ஏழைக்கு ஆளுக்கு ஒரு முத் (ஒரு முகத்தல் அளவு) தானியத்தைக் கையில் கொடுக்க வேண்டும். முக்கால் கிலோ அரிசி என்று வைத்துக்கொண்டால் குறைவு வராது. பத்துப் பேரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். கூப்பிட்டு உட்காரவைத்துப் பிரியாணி போடுவது இந்த மத்ஹபில் செல்லாது. ஹனஃபி மத்ஹபில் அதே பத்துப் பேருக்கு இரண்டு வேளை வயிறாரச் சாப்பாடு போடலாம், அல்லது ஆளுக்கு ஒரு ஃபித்ரா (நோன்புப் பெருநாள் தர்மம்) அளவு தானியமோ அதன் கிரயமோ கொடுக்கலாம். உங்கள் பள்ளிவாசலில் நோன்புப் பெருநாளுக்கு அறிவிக்கும் ஃபித்ரா தொகையைப் பத்தால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். ஷாஃபிகள் பரிகாரத்தைக் கொடுத்துவிட்டும் சத்தியத்தை முறிக்கலாம். ஹனஃபிகள் முதலில் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் கொடுக்க வேண்டும். உண்மையிலேயே வசதியில்லாத ஹனஃபி நோன்பு வைத்தால் மூன்றும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஷாஃபிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சத்தியத்தைக் காப்பாற்றுவதுதானே நல்லது என்று மச்சானைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். உறவை வெட்டும் சத்தியத்தை முறிப்பதுதான் இங்கே கடமை. ஆயிஷா (ரலி) மீது அவதூறு பேசியவர்களில் ஒருவரான மிஸ்தஹுக்கு இனி உதவ மாட்டேன் என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார். மிஸ்தஹ் அவருடைய உறவினர், அவர் கொடுத்ததில் வாழ்ந்தவர். அப்போதுதான் 24:22 இறங்கியது: "அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா?" விரும்புகிறேன் என்று சொல்லி, நிறுத்திய உதவியை அவர் மறுபடி தொடங்கினார். மச்சானோடு பேசாமல் இருக்கவும் மூன்று நாளுக்கு மேல் அனுமதியில்லை. இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர்.

"உம்மா மேல சத்தியம்", "புள்ள மேல சத்தியம்" என்பதெல்லாம் ஷரீஅத்தில் சத்தியமே ஆகாது. அதற்குப் பரிகாரமும் இல்லை. அப்படிச் சொல்வதே தடுக்கப்பட்டது என்பதால் இஸ்திஃபார் செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கோபம். ஹதீஸ்களில் இதற்குக் கைவசம் உள்ள முறைகள் நான்கு. "அஊது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் ரஜீம்" (ஷைத்தானிடமிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகிறேன்) என்று சொல்வது புகாரியில் இருக்கிறது. வாயை மூடிக்கொள்வது அஹ்மத் என்ற நபிமொழி நூலில் இருக்கிறது. நின்றுகொண்டிருந்தால் உட்காருவது, அப்படியும் தணியாவிட்டால் படுப்பது அபூதாவூத் என்ற நூலில் இருக்கிறது. ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்வதும் அதே நூலில்தான். அதன் அறிவிப்பாளர் தொடரில் அறிஞர்களுக்குள் பேச்சு உண்டு, ஆனால் செய்வதால் நஷ்டமில்லை. கடையில் படுக்க முடியாது, சரி. வாயை மூடிக்கொண்டு கல்லா நாற்காலியில் உட்கார்ந்துவிடலாமே. நின்றுகொண்டு கத்தும்போதுதான் கை அடுத்த வேலைக்குப் போகிறது.

3:134 இதில் மூன்று படிகளைக் காட்டுகிறது: கோபத்தை மெல்லுவது, மன்னிப்பது, அதற்குமேல் நன்மை செய்வது. முதல் படியிலேயே நின்றுவிடுபவர்கள் அதிகம். கடையில் வாயை மூடிக்கொண்டு, இரவு வீட்டில் அந்தப் பையன் குடும்பத்தையே இழுத்துப் பேசினால் அது மன்னிப்பாகாது, கோபத்துக்குப் போட்ட வாய்தா. பேசிவிட்ட பேச்சுக்கு அந்தப் பையனிடமே மன்னிப்புக் கேளுங்கள். முதலாளி கேட்கலாமா என்று தயங்க வேண்டியதில்லை. மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர் விடாமல் தௌபா முழுமையாவதில்லை.

கேள்வி: எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் இந்துக் குடும்பங்கள். அண்டை வீட்டார் உரிமை என்பது முஸ்லிம்களுக்கு மட்டுமா?
— வாசகி, திருவாரூர்

பதில்: இல்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுத்தபோது, "நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகுதான் அண்டை வீட்டார் பற்றி வானவர் ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்தார் என்ற நபிமொழியைச் சொன்னார். யாருக்கு முதலில் என்று ஆயிஷா (ரலி) கேட்டதற்குக் கிடைத்த பதில், யாருடைய வாசல் உனக்குக் கிட்டவோ அவருக்கு. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனி என்பது அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்ன அறிவுரை. நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் அனுப்புவது நம் பக்கத்து வழக்கம். கறி போடாத கஞ்சியைத் தனியாக எடுத்து வைத்து அனுப்புவது அதைவிட நல்ல வழக்கம்.

கேள்வி: எங்கள் அத்தா காலத்தில் களத்திலேயே நெல் அளந்து கொடுப்பார்கள். இப்போது நான் ஆண்டுக்கு ஒருமுறை ரமலானில் ஜகாத்தாக (கட்டாய தர்மம்) இரண்டரை சதவீதம் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். இரண்டு ஏக்கர், பாதி ஆற்றுப் பாசனம், பாதி போர்வெல். இது போதுமா?
— வாசகர், இராஜகிரி

பதில்: போதாது. உங்கள் அத்தா செய்ததுதான் சரி. விளைச்சலின் ஜகாத் வேறு, பணத்தின் ஜகாத் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது இன்று டெல்டா முழுக்கப் பரவிய தவறு. பணத்துக்கு ஓர் ஆண்டு நிறைய வேண்டும். விளைச்சலுக்கு ஆண்டுக் கணக்கு கிடையாது, "அறுவடை நாளில் அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள்" என்கிறது 6:141.

விகிதம் தண்ணீரைப் பொறுத்தது. மழையும் ஆறும் ஊற்றும் பாய்ந்து விளைந்ததில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று என்பது புகாரியில் உள்ள ஹதீஸ். மேட்டூர் திறந்து வாய்க்கால் வழியாக மடையில் ஏறும் தண்ணீர் முதல் வகை. வாய்க்கால் தூர்வாரிய செலவு இருந்தாலும் அது நிலத்தைப் பேணும் செலவுதான். போர்வெல் மோட்டார் இரண்டாம் வகை. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாயிற்றே, அப்போது பத்தில் ஒன்றா என்று கேட்பவர்கள் உண்டு. போர் இறக்கியதும், மோட்டார் எரிந்தால் காயில் (கம்பிச் சுருள்) கட்டுவதும் இலவசமில்லையே. இறைத்துப் பாய்ச்சியது இறைத்ததுதான்.

உங்களுக்கு இரண்டு ஏக்கரில் 60 மூட்டை கண்டதாக வைத்துக்கொள்வோம். முழுக்க ஆற்றுப் பாசனமானால் 6 மூட்டை, முழுக்க போர் என்றால் 3 மூட்டை. ஒரே பயிருக்கு இரண்டும் சரிபாதியாகப் பாய்ந்திருந்தால் ஷாஃபி மத்ஹபில் நாலரை மூட்டை. ஹனஃபி மத்ஹபில் எந்தத் தண்ணீர் அதிகமோ அதன் விகிதம். ஒரு ஏக்கர் ஆறு, ஒரு ஏக்கர் போர் என்று வயலே பிரிந்திருந்தால் தனித்தனியாக அளந்து கணக்கிட வேண்டும்.

எவ்வளவு விளைந்தால் கடமை? ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூஹனீஃபாவிடம் குறைந்தபட்ச அளவு கிடையாது, விளைந்த எதிலும் உண்டு. ஷாஃபி மத்ஹபில் ஐந்து வஸக் (பழைய அரபு முகத்தல் அளவு), அரிசியாகக் கணக்கிட்டால் சுமார் 650 கிலோ. உமியோடு வைக்கும் நெல்லுக்கு அதை இரட்டிப்பாக, பத்து வஸக் என்று நூல்கள் வைக்கின்றன. இது மரக்கால் போல முகந்து அளக்கும் அளவு என்பதால் கிலோவில் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், 60 மூட்டை எந்தக் கணக்கிலும் எல்லையைத் தாண்டிவிடும். குறைவாக விளைந்தவர்கள் குறுவையில் அளவு எட்டவில்லை என்று விட்டுவிடக் கூடாது. ஓராண்டுக்குள் அறுத்த குறுவையையும் தாளடியையும் ஷாஃபி மத்ஹபில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் நெல்தானே. தாளடிக்குப் பின் தெளித்த உளுந்து தனி இனம், அதற்குத் தனிக் கணக்கு.

செலவைக் கழிப்பதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். விதை, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை எதையும் கழிக்காமல் மொத்த விளைச்சலில் கணக்கிட வேண்டும். இரண்டு மத்ஹபிலும் இதுதான். தண்ணீர்ச் செலவுக்கான சலுகையைத்தான் பத்தை இருபதாக்கி ஷரீஅத்தே கொடுத்துவிட்டது. கூலியாக நெல் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் மொத்தம். அந்தக் கூலியையே ஜகாத்தாக எழுதிக்கொள்வது அறவே கூடாது, அது அவர்கள் உழைப்புக்கான கடன்.

கொள்முதல் நிலையத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் எதைக் கொடுப்பது? ஹனஃபிகள் கிரயமாகக் கொடுக்கலாம். ஷாஃபிகள் தானியமாகவே கொடுக்க வேண்டும். காயவைத்துத் தூற்றிய நெல்லை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டு மீதியை ஏற்றுங்கள். காயவைக்கும் செலவும் உங்களுடையதே. குத்தகை நிலமானால், ஷாஃபி மத்ஹபில் சாகுபடி செய்பவர்மீது கடமை. ஹனஃபியில் இமாம் அபூஹனீஃபா நில உரிமையாளர்மீது என்றார், அவருடைய மாணவர்கள் இருவரும் சாகுபடியாளர்மீது என்றார்கள். வாரத்துக்கு (விளைச்சலில் பங்கு என்ற பேச்சில்) விட்டிருந்தால் அவரவர் பங்குக்கு அவரவர்.

யாருக்கு என்பதை 9:60 எட்டு வகையாகச் சொல்லிவிட்டது. பள்ளிவாசல் கட்டடம், மினாரா, கந்தூரி எதுவும் அந்த எட்டில் இல்லை. தென்னைக்குக் காய்ப்பில் ஜகாத் இல்லை என்பது ஷாஃபி மத்ஹப், உண்டு என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. தேங்காய் விற்ற பணம் கையில் ஓராண்டு நின்றால் இரண்டரை சதவீதம் என்பதில் இருவருக்கும் பேதமில்லை.

கேள்வி: பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தோம். பெயர் எழுதலாமா?
— வாசகர், ஐயம்பேட்டை

பதில்: 2:271இல் தர்மத்தை வெளிப்படுத்துவது நல்லது, மறைத்து ஏழைக்குக் கொடுப்பது அதைவிட நல்லது என்று இருக்கிறது. மற்றவர்களையும் தூண்ட வேண்டும் என்றால் ஜமாஅத் கணக்கில் பெயர் வந்தால் போதும். இறக்கைக்கு இறக்கை பெயர் எழுதினால், சுற்றும்போது யாராலும் படிக்க முடியாது என்பதுதான் ஒரே ஆறுதல். மறைந்தவர் பெயரில் கொடுத்தால் நிய்யத் (மனதில் கொள்ளும் எண்ணம்) போதும், அல்லாஹ்வுக்கு விலாசம் எழுதத் தேவையில்லை.

கேள்வி: கஜா புயலில் நாங்கள் இழந்த தென்னந்தோப்பை நினைத்து இன்றும் அழுகிறேன். நான் பொறுமையற்றவளா?
— வாசகி, அதிராம்பட்டினம்

பதில்: இல்லை. கண்ணீர் பொறுமைக்கு எதிரானதல்ல. தம் மகன் இப்ராஹீமின் மரணத்தில் நபி (ஸல்) அவர்களே அழுதார்கள், கண் கலங்குகிறது, உள்ளம் வருந்துகிறது, நம் இறைவனுக்குப் பிடித்ததை மட்டுமே சொல்வோம் என்றார்கள். தடுக்கப்பட்டது விதியை ஏசுவதும் கன்னத்தில் அறைந்துகொள்வதும். பொறுமை முதல் அடியில்தான் என்பது புகாரி ஹதீஸ். 2018 நவம்பர் 16 விடிந்தபோது உங்கள் வாயிலிருந்து வந்தது "இன்னா லில்லாஹி" (நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள்) என்றால் அது பதிவாகிவிட்டது. ஒரு முஸ்லிம் நட்ட மரத்தில் பறவையோ மனிதரோ கால்நடையோ தின்றால் அது அவருக்கு சதகா (தர்மம்). விழுந்த மரங்கள் விழுவதற்கு முன் கொடுத்ததெல்லாம் உங்கள் கணக்கில் நிற்கிறது. கியாமத் (உலக முடிவு நாள்) வரும் நேரத்தில் கையில் கன்று இருந்தாலும், முடிந்தால் நட்டுவிடுங்கள் என்றும் நபிமொழி உண்டு. நிவாரணத்துக்கு மனு போடுவதும் பயிர்க் கடன் தவணையைப் பேசுவதும் தவக்குலுக்குக் குறைவல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல்.

கேள்வி: பெயர் வேண்டாம். வாப்பா மௌத்தாகி (இறந்து) இருபது வருஷம் ஆகிறது. காக்காவும் (அண்ணன்) நானும் நிலத்தைப் பிரித்துக்கொண்டோம். இரண்டு லாத்தாக்களுக்கும் (அக்காமார்) நகை போட்டுக் கட்டிக்கொடுத்ததால் பங்கு தரவில்லை, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். உம்மா இருக்கிறார். இப்போது மனசு உறுத்துகிறது. தௌபா எப்படி?
— முத்துப்பேட்டை

பதில்: உறுத்துவது நல்லது. தௌபாவுக்குப் பாவத்தை விடுவது, வருந்துவது, இனிமேல் இல்லை என்று உறுதிகொள்வது மூன்றும் வேண்டும். மனித உரிமை சம்பந்தப்பட்டால் நான்காவதாக, உரியதை உரியவரிடம் சேர்க்க வேண்டும். அந்த நான்காவது இல்லாமல் ஹஜ் போய் அழுதாலும் லாத்தாக்களின் பங்கு உங்கள் கழுத்தில்தான். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

நகை பங்காகாது. வாப்பா உயிரோடு இருந்தபோது மகளுக்குப் போட்டது அன்பளிப்பு. வாரிசுரிமை அவர் மௌத்தான நொடியில் பிறந்தது. முந்தையதைக் கொண்டு பிந்தையதைக் கழிக்க முடியாது. கடற்கரை ஊர்களில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்துக்கும் இதே விதி. வாழ்நாளில் ஒப்படைத்திருந்தால் வீடு அவளுடையது, மிச்சச் சொத்திலும் அவளுக்குப் பங்கு உண்டு.

உங்கள் பாட்டனார் பாட்டியார் அப்போதே இல்லை என்று கொண்டு கணக்கிடுகிறோம். அடக்கச் செலவு, வாப்பாவின் கடன்கள் (உம்மாவுக்குத் தராத மஹர், அதாவது மணக்கொடை, இருந்தால் அதுவும் கடன்), மூன்றில் ஒன்றுக்குள் வஸிய்யத் (மரண சாசனம்) ஆகியவை போக மீதியில் உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. நிலம் 24 மா (நில அளவு) என்றால் உம்மாவுக்கு 3 மா, உங்களுக்கும் காக்காவுக்கும் தலைக்கு 7 மா, லாத்தாக்களுக்குத் தலைக்கு மூன்றரை மா. உம்மாவின் பங்கையும் நீங்கள் விழுங்கியிருப்பீர்கள் என்றே உங்கள் கடிதம் காட்டுகிறது. விவசாய நிலத்துக்கு ஷரீஅத் பாகம் செல்லாது என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தில் அது விடுபட்டிருந்தது உண்மை, சென்னை மாகாணத்தில் 1949இல் திருத்தம் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

விடுதலைப் பத்திரம் ரிஜிஸ்டர் ஆபீசில் செல்லும். அல்லாஹ்விடம் செல்ல மனம் ஒப்பியிருக்க வேண்டும். "காக்காமாரைப் பகைத்தால் நாளைக்குப் பொறந்த வூடு இல்லாமப் போயிடும்" என்ற பயத்தில் போட்ட கையெழுத்து மனம் ஒப்பியதல்ல. சோதித்துப் பார்க்க ஒரு வழி: பங்கை அளந்து, அவர்கள் பெயரில் பத்திரம் எழுதி, கையில் கொடுத்துவிடுங்கள். வாங்கிய பிறகு, மச்சான்மார் இல்லாத இடத்தில், அவர்களாகத் திருப்பித் தந்தால் அது ஹலால். கொடுக்கும் முன்பே "விட்டுக்கொடுத்துடு லாத்தா" என்று கேட்பது பழைய வேலையேதான்.

இருபது வருஷம் அந்தப் பங்கில் விளைந்ததற்கு ஷாஃபி மத்ஹபில் குத்தகை மதிப்பும் கடனாகச் சேரும். நிலத்தில் கொஞ்சம் விற்றிருந்தால், இன்றைய விலையில் பேசி, இரு தரப்பும் ஒப்பிக் கணக்கு முடியுங்கள். அதை ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்), ஒரு பத்திர எழுத்தர் முன்னிலையில் எழுதிக்கொள்ளுங்கள். காக்கா சம்மதிக்காவிட்டாலும் உங்கள் கையில் இருக்கும் உம்மா, லாத்தாக்கள் பங்கை நீங்கள் கொடுக்கக் காத்திருக்க வேண்டாம். லாத்தா ஒருவர் இறந்துபோயிருந்தால் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்கு: பிள்ளைகள், கணவர், உயிரோடிருக்கும் உங்கள் உம்மா. அவர் பெயரில் பள்ளிவாசலுக்குக் கொடுத்தால் அந்தக் கடன் அடையாது.